பதினேழாவது வரிசை

மார்ச் 3, செவ்வாய்

வீட்டில் எட்டாவது நாள். வண்டி எடுத்த நேரம், விட்ட நேரம், டீசல் அளவு என்று இருபத்திரண்டு வருஷம் தினமும் எழுதிய கை. எழுத எதுவும் இல்லாமல் அரிக்கிறது. சின்ன மகளின் கல்லூரி நோட்டு ஒன்றில் பாதிப் பக்கம் காலியாக இருந்தது. இதில் எழுதுகிறேன்.

நடந்ததை ஒரு தரம் எழுதி வைக்கிறேன். போன மாதம் 23, திங்கள், மதியம் இரண்டரை. தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் நிற்க வேண்டிய பேருந்து நிற்காமல் நடைபாதை ஓரத்தில் ஏறியது. எதிரே விளக்குக் கம்பம். பிரேக்கை மிதித்தேன். இறங்குவதற்காக முன்வாசல் பக்கம் நின்றிருந்த ஓர் அம்மா தூக்கி எறியப்பட்டு எஞ்சின் மூடி மேல் விழுந்தார். மருத்துவமனையில் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவராம். தோள்பட்டை எலும்பு உடைந்துவிட்டது. இரண்டு விலாவும். வரும் 24-ம் தேதி விசாரணை. அதுவரை எனக்கு வண்டி கிடையாது.

காரணம்: நாய் குறுக்கே வந்தது. அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கை நடுங்குகிறது. டம்ளரைத் தூக்கினால் பாதித் தண்ணீர் சட்டைக்குத்தான்.

மார்ச் 4, புதன்

டார்ச் லைட்டைத் தேடி அலமாரிக்கு அடியில் கையை விட்டேன். வந்தது ஒரு கொக்கி ஊசியும் நீல உல்லன் நூல் உருண்டைகளும். போன வருஷம் சின்னவள் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வாங்கி, இரண்டே நாளில் கைகழுவிய குரோஷா.

பதினோரு வயதில் கால் உடைந்து மூன்று மாதம் மாவுக்கட்டோடு கிடந்தேன். என் தொணதொணப்புத் தாங்காமல் அத்தை ஒரு ஊசியைக் கையில் திணித்துச் சொல்லிக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் திரும்பியதும் பையன்கள் விட்டார்களா? "என்னடி, பாவாடைக்கு லேஸ் போடுறியா?" அன்றோடு மூட்டை கட்டினேன். நாற்பது வருஷம்.

இருபது சங்கிலிக் கண்ணி போட்டுப் பார்த்தேன். கை நடுங்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மனைவி பார்த்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றாள். 

"இத்தன வருஷத்துல எனக்கு ஒரு பட்டன் தெச்சுக் குடுத்திருப்பீங்களா?"

"நீ கேக்கலயே."

சிரித்தாள். இந்த இரண்டு வாரத்தில் இந்த வீட்டில் யாராவது சிரித்தது இதுதான் முதல் தடவை. அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டு போக ஒரு பை பின்னித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வரிசைக்கு நாற்பது கண்ணி. நாளைக்குத் தொடக்கம்.

மார்ச் 11, புதன்

சில்லறை வந்திருந்தான். பதினாலு வருஷமாக என் வண்டியில் கண்டக்டர். யார் நோட்டை நீட்டினாலும் "சில்லறை இல்ல" என்று ஆரம்பிப்பான், அதனால் அந்தப் பெயர். காலிங் பெல் அடித்ததும் நூலையும் ஊசியையும் தலையணைக்கு அடியில் தள்ளினேன். எதற்காக? திருட்டுப் பொருளா அது?

"அண்ணே, நாய் என்ன கலருன்னு கேப்பாங்க. ரெண்டு பேரும் ஒண்ணு போல சொல்லணும்."

"நீயே சொல்லு."

"பழுப்பு. கறுப்புன்னா ரோட்டுல தெரியலன்னு எவனாவது கெளப்புவான். எடப்பக்கத்துலேருந்து வந்துச்சு. சின்ன நாயும் இல்ல, பெரிய நாயும் இல்ல."

"ம்."

"குட்டி போட்ட நாய்னு சொல்லலாமாண்ணே? கொஞ்சம் எறக்கம் வரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டோம்.

போகும்போது தலையணைக்கு வெளியே நீண்டிருந்த நூலைப் பார்த்து, "யாரு பின்னுறா?" என்றான். "மக" என்றேன்.

நாய் என்று முதலில் சொன்னது அவன்தான். கூட்டம் கூடி, யாரோ என் சட்டையைப் பிடித்தபோது, நடுவில் புகுந்து சொன்னான். என்னைக் காப்பாற்றத்தான். நான் தலையாட்டினேன். அப்போது எனக்கும் வேறு காரணம் தெரியாது. இப்போதும்தான் தெரியாது. தூங்கினேனா? காலையில் நன்றாகத் தூங்கி எழுந்துதானே போனேன்?

மார்ச் 12, வியாழன்

மனைவி அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். நான் போகச் சொல்லவில்லை. கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்களாம். இருமினால் விலா வலிக்கிறதாம். 

"டிரைவர் மேல ஒண்ணும் கோவமில்லம்மா, வாயில்லா ஜீவன்னு பாவம் பாத்துட்டாருன்னு சொன்னாங்க" என்றாள் இவள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மார்ச் 14, சனி

பதினேழாவது வரிசையில் ஏதோ கோளாறு. நாற்பது கண்ணி இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தி மூன்று. நடுவில் ஒரு முடிச்சு, கல் மாதிரி. நூலை ஒரே இடத்தில் விட்டு விட்டு இழுத்த மாதிரி. பதினாறு சரியாக இருக்கிறது. பதினெட்டைப் பாதி போட்ட பிறகுதான் கண்ணில் பட்டது.

சின்னவளிடம் கேட்டேன். 

"நான் ஏன்ப்பா அதத் தொடப்போறேன்? எனக்கும் அதுக்கும் ஆவாது."

பிரித்துவிட்டுத் திரும்பப் போட்டேன்.

மார்ச் 16, திங்கள்

மறுபடியும். இருபத்தாறாவது வரிசையில். இந்தத் தடவை சின்னவள் பக்கத்திலேயே இருந்தாள்.

"அப்பா, டீ வேணுமான்னு மூணு தடவ கேட்டேன். நீங்க திரும்பவே இல்ல."

"நெனப்பு வேற எங்கயோ இருந்திருக்கும்."

"கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. வாய் ஏதோ மெல்லுற மாதிரி... கை மட்டும் நூல இழுத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் நீங்களா, 'என்ன?'ன்னு கேட்டீங்க."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் அழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்கு நடந்ததை இன்று முழுக்க ஓட்டிப் பார்த்தேன். மீன் கடை. அதன் எதிரே சிவப்புச் சட்டை போட்ட ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான். அப்புறம் கம்பம். மீன் கடைக்கும் கம்பத்துக்கும் நடுவே நூறு அடியாவது இருக்கும். அந்த நூறு அடி என்னிடம் இல்லை. தேடித் தேடிப் பார்க்கிறேன், இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

இனிமேல் பிரிப்பதில்லை. முடிச்சு விழுந்த இடத்தில் ஒரு ஊக்கு குத்தி வைக்கிறேன். இன்று இரண்டு ஊக்கு.

சாயங்காலம் சின்னவள் வந்து நின்றாள். "அப்பா, திட்டாதீங்க" என்று செல்போனை நீட்டினாள்.

பதினெட்டு வினாடி. நான் உட்கார்ந்திருக்கிறேன். கண் திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. கை மட்டும் இழுக்கிறது, இழுக்கிறது. பிறகு நான் திரும்பி வருகிறேன், ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த கண்ணியைப் போடுகிறேன்.

நாலு தடவை பார்த்தேன். பதினெட்டு வினாடியில் ஒரு பேருந்து எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

மார்ச் 19, வியாழன்

மனைவிக்குத் தெரிந்துவிட்டது. சின்னவள்தான் காட்டியிருக்கிறாள். காலையிலேயே ஆரம்பித்தது.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

"24 முடியட்டும்."

"முடிஞ்சா? வண்டியக் குடுத்துட்டா?"

"அப்புறம் மெதுவா காட்டிக்கலாம். மாத்திர குடுப்பாங்க. இப்ப போனா எல்லாம் பேப்பர்ல ஏறிடும். அதோட என் கத முடிஞ்சுது. எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு? இன்னும் ஏழு வருஷம் இருக்கு."

"அறுபது பேரு உக்காந்திருப்பாங்கங்க."

"எனக்குத் தெரியாதா!"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. டப்பாவை மூடினாள், துடைத்தாள். "சரி. நீங்க மறுபடி வண்டி எடுக்குற அன்னிக்கு மொத ஆளா நான் ஏறுறேன். தெனமும் ஏறுவேன். வேலைய விட்டுட்டு உங்க பின்னாடி சீட்லயே உக்காந்திருப்பேன். கொன்னா என்னையும் சேத்துக் கொல்லுங்க."

பிறகு வேலைக்குப் போனாள். வெறும் கையோடு. டப்பா மேஜை மேலேயே இருந்தது.

மார்ச் 20, வெள்ளி

பணிமனை மேலாளர் போன் செய்தார். "கவலையே படாதீங்க. அந்தம்மாவே உங்களுக்குச் சாதகமா எழுதிக் குடுத்துட்டாங்க. 24 சும்மா கண்துடைப்பு. 25-ம் தேதி காலைல உங்க பழைய வண்டிதான்."

நன்றி சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

போனை வைத்ததும் உட்கார்ந்துவிட்டேன். மீன் கடை, சிவப்புச் சட்டை, கம்பம். கம்பத்துக்குப் பதிலாகப் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் என்று வைத்துக்கொள். என்ன பண்ணுவே? சொல்லுடா. என்ன பண்ணுவே?

மனைவிக்கு போன் செய்தேன். "நாளைக்கு டாக்டருக்குச் சொல்லிடு" என்றேன்.

மார்ச் 21, சனி

நரம்பு டாக்டர். என் பெரியவள் வயதுதான் இருக்கும். வீடியோவைப் பார்த்தார். எப்போதிலிருந்து, எத்தனை தடவை என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? அது வரும்போதுதான் நான் இருப்பதில்லையே. மனைவி பையை எடுத்து மேஜை மேல் விரித்தாள். பாதிப் பை. நீலத்தில் ஊக்குகள்.

டாக்டர் ஒவ்வொரு ஊக்காகத் தொட்டு எண்ணினார். "இது எத்தன நாள்ல பின்னுனது?"

"பதிமூணு நாள். ரெண்டு எடத்துல பிரிச்சுட்டேன். அதையும் சேத்தா ஏழு."

"இப்படி ஒரு கணக்கோட இதுவரைக்கும் என்கிட்ட யாரும் வந்ததில்ல" என்றார்.

தலையில் ஒயர்கள் ஒட்டிப் படம் எடுத்தார்கள். வலிப்பு. கீழே விழுந்து துடிப்பது மட்டும் வலிப்பு இல்லையாம், இப்படியும் ஒரு வகை உண்டாம். மாத்திரை எழுதினார். பேனாவை மூடிவிட்டு, "வண்டி ஓட்டக் கூடாது. இன்னிலேருந்து. பைக் கூட" என்றார்.

"எப்போ வரைக்கும்?"

"பேருந்தப் பத்திக் கேக்கறீங்கன்னா..." என்று நிறுத்தினார். "மறந்துடுங்க."

ஆட்டோவில் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 23, திங்கள்

சில்லறைக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. வண்டியில் டூட்டியில் இருப்பான்.

மார்ச் 24, செவ்வாய்

முடிந்தது.

மூன்று அதிகாரிகள், ஒரு டைப்பிஸ்ட். காத்திருக்கும் இடத்தில் சில்லறையிடம் சொல்லப் பார்த்தேன். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். 

நடுவில் இருந்தவர் கேள்வியோடு பதிலையும் சேர்த்தே வாசித்தார். "பழுப்பு நிற நாய் ஒன்று இடப்பக்கத்திலிருந்து குறுக்கே வந்ததால்... அப்படித்தானே?"

"இல்லீங்க. நாய் எதுவும் வரல."

டைப்பிஸ்ட் கை நின்றது. டாக்டர் சீட்டை வைத்தேன். மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படித்தார்கள்.

"அப்ப நாய்னு ஏன் எழுதுனீங்க?"

"பயந்துட்டேங்க. எனக்கு என்ன ஆச்சுன்னு அப்ப எனக்கே தெரியாது."

"கண்டக்டரும் அதையே எழுதியிருக்காரே?"

இதற்குத்தான் மூன்று நாளாகப் பதில் தேடினேன். கிடைக்கவில்லை. "என்னை அடிக்க வந்தாங்க. அவன் குறுக்க வந்து காப்பாத்துனான். அவன் சொன்னதுக்கு நான் தலையாட்டுனேன். குத்தம் என்னோடது" என்றேன். அவனுக்கு இது போதாது என்று சொல்லும்போதே தெரிந்தது.

வெளியே வந்ததும் சில்லறை எழுந்து நின்றான். யாரோ உள்ளிருந்து முந்திச் சொல்லியிருக்க வேண்டும்.

"என்னையும் சேத்துக் கவுத்துட்டீங்களேண்ணே."

"நேத்தே போன் பண்ணேன்டா..."

"பதினாலு வருஷம்ணே."

என்னைத் தாண்டிப் போனான். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 2, வியாழன்

உத்தரவு வந்தது. வண்டி இனி இல்லை. பயண அட்டை கொடுக்கும் கவுன்ட்டரில் வேலை. சில்லறைக்கு ஒரு மாதம் சஸ்பென்ஷன், வேறு பணிமனைக்கு மாற்றல்.

சீருடைச் சட்டைகளை மனைவி மடித்துக்கொண்டிருந்தாள். "நானே மடிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். மனைவியும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். இரண்டாவது மாடி. இடது கையால் கதவைத் திறந்தார். யார் என்று சொன்னதும் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரப் போனார். "வேண்டாம்மா, மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன்" என்று நின்றபடியே சொன்னேன். நாய் இல்லை. எனக்கு இப்படி ஒரு வியாதி. நான் பொய் எழுதிக் கொடுத்தேன்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு உசுரு பொழச்சுதுன்னு நெனச்சுக்குவேன். வலிக்கும்போதெல்லாம். சரி, அதுக்குத்தானே பட்டோம்னு." தோளைப் பிடித்துக்கொண்டார். "அதையும் எடுத்துட்டீங்க."

"மன்னிச்சுருங்கம்மா" என்றேன்.

"இப்ப போங்க. கோவத்துல ஏதாவது சொல்லிடுவேன்."

படியிறங்கும்போது ஒவ்வொரு படியையும் எண்ணினேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

பை முடிந்தது. ஊக்குகளை எடுத்துவிட்டேன். முடிச்சுகள் அப்படியே இருக்கின்றன, பிரித்துப் போடவா என்று கேட்டேன். மனைவி வேண்டாம் என்றாள்.

மே 18, திங்கள்

கவுன்ட்டரில் கண்ணாடிக்கு வெளியே சில்லறை போனான். கை தூக்கினேன். பார்த்தான். போய்விட்டான்.

ஜூன் 12, வெள்ளி

இப்போது வேலைக்குப் பேருந்தில்தான் போகிறேன், பயணியாக. முதல் மாதம் டிரைவரைப் பார்க்க முடியாத இடமாகத் தேடி உட்கார்ந்தேன். பார்க்காவிட்டால் மட்டும்? ஒவ்வொரு நிறுத்தம் வரும்போதும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். ஒரு நாள் பக்கத்து சீட்டுக்காரர், "என்ன சார், கால்ல சுளுக்கா?" என்று கூடக் கேட்டார்.

இன்று ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் பெரியவளுக்கான தொப்பி, மஞ்சள் நூல். எதிர் சீட்டில் இரண்டு பையன்கள் ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்கு நூலைக் கொக்கியில் மாட்டும்போது உடம்பு லேசாக முன்னால் சாய்ந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் அழுத்தவில்லை. பேருந்து நின்றிருந்தது.