ஒற்றைக் கோட்டுப் போர்

அன்புத் தங்கச்சிக்கு,

கதவிடுக்கு வழியே உன் அண்ணன் அனுப்பும் போர்ச்செய்தி. பள்ளிக்குக் கிளம்புமுன் கொரோனா பரிசோதனைக் குச்சியை எடுத்தேன். உன் மகள் தானாகவே மூக்கை நீட்டினாள். அப்போதே நான் ஓடியிருக்க வேண்டும்!

ஒற்றைக் கோடுதான் விழுந்தது, தொற்றில்லை. “தப்பிச்சுட்டே கழுதை!” என்றேன்.

பாய்ந்தாள். கடித்தாள், உதைத்தாள், என் மூக்கில் குத்தினாள். ஓடிய ரத்தத்தில் செருப்புகளெல்லாம் மிதந்தன.

“ரெண்டு கோடு வந்திருந்தா என்னையும் அம்மா ரூம்ல விட்டிருப்பீங்கல்ல மாமா!”

பள்ளிக்கு அனுப்பவில்லை. உன் கதவில்தான் சாய்ந்திருக்கிறாள். நீ இருமும்போதெல்லாம் கதவில் விழும் குத்து உனக்கில்லை, அந்த இருமலுக்காம்.

உள்ளிருந்து நீயும் ஒருமுறை தட்டேன்.

இப்படிக்கு,
மூக்குடைபட்ட மாவீரன்,
உன் அண்ணன்