பக்கம் 847

மார்ச் 3
வேலை போய் நாலாவது மாதம். காலையில் மன்றத்தில் ஒருவன், "என் சிப் ஏன் எழுந்திருக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டிருந்தான். சிப்போடு நேராக அதன் அசெம்பிளி மொழியிலேயே பேசுகிறவர்கள் இணையத்தில் கூடும் இடம் அது. கேட்பதற்கு முன் சிப்பின் ஆயிரத்து இருநூறு பக்கக் கையேட்டைப் படித்திருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். "பக்கம் 212" என்று போட்டேன். பதினொரு வருடமாக என் பதில் அவ்வளவுதான். அங்கே எனக்குப் பட்டப்பெயரே 'பக்கம்'.

எட்டிப் பார்த்த அக்கா, "ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னா குறைஞ்சா போயிடுவே?" என்றாள். குறைந்துதான் போவேன். எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மார்ச் 5
லிஃப்டுக்கு கன்ட்ரோல் போர்டு செய்யும் கம்பெனியில் எட்டாம் தேதி நேர்காணலாம், அழைப்பு வந்திருக்கிறது. இதுவும் கைநழுவினால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

மார்ச் 8
போச்சு. எல்லாம் போச்சு.

எதிரே தலைமைப் பொறியாளர். நல்ல மனிதர், தண்ணீரெல்லாம் கொடுத்தார். கடைசியாக அதே சிப்பில் ஒரு கேள்வி: "இன்டரப்ட் வந்துட்டுப் போனதும் ரிஜிஸ்டர்ல இருந்த மதிப்பு மாறிடுது. ஏன்?"

விளக்க வேண்டியதுதானே? வாய் தானாகச் சொன்னது: "பக்கம் 847."

அவர் பேனாவை மூடினார். "நீங்கதானா அது?"

ஆறு வருடத்துக்கு முன் மன்றத்தில் அவர் கேட்ட முதல் கேள்வியாம் அது. என் பதிலைப் பார்த்தபின் அந்தத் திசைக்கே வரவில்லையாம். மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. "பக்கம் சரியாத்தானே இருந்தது?" என்று கேட்டுத் தொலைத்தேன். இந்த வாயை வச்சுக்கிட்டு நான் எங்க உருப்பட—

"சரிதான். புரியத்தான் ஒரு மாசம் ஆச்சு" என்றார். சிரித்தாரா, தெரியவில்லை.

மார்ச் 9
அக்காவிடம் சொன்னேன். "உனக்கு நல்லா வேணும்" என்றாள். அப்புறம் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மார்ச் 14
கிடைத்துவிட்டது! ஏன் என்று கேட்கத் தைரியமில்லை.

ஏப்ரல் 2
முதல் நாள். மேசையில் பணியாளர் கையேடு ஒன்றைத் தலைமைப் பொறியாளரே வைத்துவிட்டுப் போனார். மதியம் போய், "சார், சாயங்காலம் எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பக்கம் 31."

வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து புரட்டினேன். தீயணைப்பானைப் பற்றிய பக்கம். ஓரத்தில் பென்சிலில்: 'நீங்க கேட்டதுக்குப் பதில் இங்க இல்ல. எழுந்து வந்து கேளுங்க, சொல்றேன்.'

வெட்கமாக இருந்தது. போய்க் கேட்டேன். ஐந்தரை.

வீட்டுக்கு வந்ததும் மன்றத்தைத் திறந்தேன். சிப் எழுந்திருக்காதவன் அதன்பின் வரவேயில்லை. 'பக்கம் 212'-க்குக் கீழே எழுத உட்கார்ந்தேன்: "வணக்கம். முதலில் ரீசெட் பின்னைப் பாருங்கள்..." அக்கா சாப்பிடக் கூப்பிட்டது இது மூன்றாவது தடவை.