துர்கா அக்காவுக்கு நார்த்தங்காய்

என்னங்க,

மீன் ஆணம் அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுச் சாப்பிடுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். பதறாதீங்க, எனக்கு ஒண்ணுமில்ல. வார்டுல என்கூட இருந்த சேதராப்பட்டு துர்கா அக்காவுக்கு மறுபடி மருந்து ஏத்துறாங்களாம், பக்கத்துல உக்காரப் போறேன்.

"அதான் உனக்குக் கேன்சர் குணமாயிடுச்சே, இன்னும் ஏன் அந்த வார்டையே நெனச்சிட்டிருக்க"ன்னு நேத்து கோச்சுக்கிட்டீங்க. எனக்கே வெக்கமாத்தான் இருக்கு. ஆனா நல்லானதுக்கு அப்புறம்தான் பயம் ஜாஸ்தியா இருக்கு. இங்க வாயைத் தொறந்தா "தைரியமா இரு"ன்னு அடக்கிடுறீங்க. அங்க நானும் அக்காவும் பயமா இருக்குன்னு சொல்லி அழுவோம். அப்புறம் ரெண்டு மொட்டைத் தலையையும் ஒரே கண்ணாடியில பாத்துச் சிரிப்போம். வாய்க்கு எதுவும் பிடிக்காத நாள்ல அவங்க கொண்டாந்த நார்த்தங்காய் ஊறுகாயைத்தான் நக்கிக்கிட்டுக் கெடப்பேன். இன்னிக்கு நான் எடுத்துட்டுப் போறேன்.

கேஸ்காரர் வந்தா, காலி சிலிண்டர் பின்கட்டுல இருக்கு.

மஹீரா

இடமில்ல, ஓரத்துல எழுதுறேன். அக்கா வீட்டுக்காரர் தணிகாசலம் அண்ணன் உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காராம். வார்டு வாசல்ல அவரோட டீ குடிச்சிக்கிட்டு நீங்க சிரிக்கிற சத்தம் என் கட்டில் வரைக்கும் கேக்கும். நம்ம வீட்டுல அந்தச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு. சாப்பிட்டுட்டு நீங்களும் வாங்க.