பிரெஞ்சில் மட்டும் இருந்த மகள்

அன்புக் கனகத்துக்கு,

உனக்கு ஒரு மகள் இருக்கிறாள். கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில், அவள் வீட்டுப் பலாமரத்தடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

நீ போனபோதுகூட நான் இப்படி நிலைகுலையவில்லை. மார்ச் மாதம், பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாய். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். இதயம் நின்றுபோவது எனக்குப் புரிகிறது. இது எனக்குப் புரியவில்லை. கல்லூரி விடுதியில் பக்கத்துப் பக்கத்து அறையில் இத்தனை காலம் இருந்தோம். என் பல்வலி நாட்களெல்லாம் உனக்குத் தெரியும். நான் உன்னைப் பற்றி எதைத் தெரிந்து வைத்திருந்தேன்?

நம்மை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். மதராசில் ஒரே பெண்கள் கல்லூரியில் நான் சரித்திரமும் நீ தாவரவியலும் நடத்தினோம். நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் பிரெஞ்சு படிக்கச் சேர்ந்தோம். எனக்குப் புதுச்சேரியின் பழைய ஆவணங்களைப் படிக்க வேண்டியிருந்தது. உனக்கு எதற்கு என்று கேட்டதற்கு, "உனக்குத் துணைக்குத்தான் சரசு" என்றாய்.

நம் ஆசிரியர் புதுச்சேரிக்காரர், நம்மைவிட மிகவும் இளையவர். மணமாகாத பெண்களை மத்முவாசெல் என்று அழைக்க வேண்டும் என்று அவரே கற்றுக்கொடுத்தார். ஆனால் நம் நரைத்த தலையைப் பார்த்து அவருக்கு வாய் வரவில்லை. கடைசிவரை நம் இருவரையும் மணமானவர்களைப் போல மதாம் என்றே அழைத்தார். அதற்கு ஒவ்வொரு முறையும் நீ சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன்.

முதல் வருடம் எழுத்தும் உச்சரிப்புமாகப் போயிற்று. இரண்டாம் வருடம், நடுத்தர வகுப்பில்தான் உரையாடல் வந்தது. இருவர் இருவராக எழுந்து நின்று குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். சொல்வது உண்மையாக இருக்க வேண்டுமா என்று ஒரு சட்டக் கல்லூரிப் பையன் கேட்டான். "எனக்கு உண்மை வேண்டாம், வாக்கியம் வேண்டும்" என்றார் ஆசிரியர். அன்றிலிருந்து வகுப்பே பொய்யில் மிதந்தது. அந்தப் பையனுக்கு ஒரு கோட்டையும் யானையும் கிடைத்தன. நாயைக் கண்டாலே ஒதுங்குகிற நான் ஒரு நாய் வளர்த்தேன், அதற்கு நம் பிரின்சிபாலின் பெயரை வைத்தேன்.

நீ எழுந்து, "எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்" என்றாய்.

அவள் பெயர் பவளாயி என்றாய். மலை மேல் இருக்கிறாள், பலாமரத்தடியில் வீடு, கறுப்பு ஆடுகளுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளை ஆடு, அதற்குத் துரை என்று பெயர், அது மிளகுக் கொடியைக் கடிக்கும். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. வாரம் ஒரு தடவை அந்த மகள் வளர்ந்தாள். புதிதாகச் சொற்கள் வர வர, அவளுக்குக் கணவன் வந்தான், இரண்டு பெண் குழந்தைகள் வந்தன. ஒரு நாள், "மழை நாளில் பிறந்தாள். அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் கீழே இறங்கினேன்" என்றாய். நல்ல கற்பனை என்று ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். வகுப்பு முழுவதும் எழுதிக்கொண்டது. நானும் எழுதிக்கொண்டேன், கனகம்.

நீ ஒரு தடவை கண் கலங்கியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். எதையும் சுலபமாக நம்பாதவள் என்று எனக்குப் பெயர். ஆனால் நீ அதைச் சொல்லும்போதெல்லாம் முகம் மலர்ந்திருந்தாய்.

மே மாத விடுமுறையில் உன் பெட்டியை உன் அண்ணன் வீட்டில் சேர்க்கலாம் என்று சேந்தமங்கலம் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏனுங்க, டீச்சரம்மா வந்துருச்சுங்களா?"

"வரல. இனிமே வராது. நீ போ, பவளாயி" என்றார் உன் அண்ணி.

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் புத்தி உடனே ஒரு காரணம் கண்டுபிடித்தது. மிளகு விற்க வருகிற மலைக்காரப் பெண்ணின் பெயரை நீ வகுப்புக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாய், நான் பிரின்சிபால் பெயரை எடுத்துக்கொண்டது போல. அவ்வளவுதான் என்று நினைத்தேன். வாசலில் நின்றவள், உடம்புக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். உன் அண்ணி பதில் சொல்லாமல் கதவைச் சாத்தினார். அங்கேதான் எனக்கு இடித்தது. மிளகு விற்க வந்தவளிடம், செத்துப்போய்விட்டாள் என்று சொல்வதில் என்ன தயக்கம்?

அவள் கனகத்தின் மகளா என்று நேராகவே கேட்டுவிட்டேன். உன் அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்து, கை கழுவிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அண்ணி என் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அதுக்காவத்தானுங்க படிக்க அனுப்புனதே. ஊர்ல வெச்சிருக்க முடியுங்களா?"

அந்தக் காலத்திலேயே பெண்ணைத் தனியாக மதராசுக்கு அனுப்பிப் படிக்க வைத்த தகப்பனார் என்று உன் அப்பாவை எத்தனை மாணவிகளிடம் புகழ்ந்திருக்கிறேன். நீ பக்கத்தில் இருக்கும்போதே புகழ்ந்திருக்கிறேன். நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் அப்போது?

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே ஓடினேன். காளப்பநாயக்கன்பட்டி பஸ் நிற்கிற இடத்தில் அவளைப் பிடித்தேன். உனக்கென்று சுமந்து வந்த பலாப்பழம் அவள் தலையிலேயே இருந்தது. அதை முதலில் இறக்கச் சொன்னேன். பிறகு, "கனகம் போயிட்டாம்மா. மார்ச்லயே" என்றேன். இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவள் அழவில்லை. பழத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவு சாத்தியபோதே நினைத்தேன் என்றாள். பிறகு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"எம்பேச்சு எடுத்திருக்குதுங்களா? பட்டணத்துல, யாருகிட்டயாச்சும்?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் பழத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் மலையேறிப் போயிருப்பாள். பெற்றவள் வாயிலிருந்து ஒரு தடவைகூட வெளியே வராத பெண்ணாகப் போயிருப்பாள். ஆனால் அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது.

"வாராவாரம் சொன்னா" என்றேன்.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க" என்றாள். சுலபத்தில் நம்புகிற ஆள் இல்லை அவளும்.

"துரை இன்னும் மிளகுக் கொடியக் கடிக்கறானா?"

அவள் முந்தானையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். "அடச் சாமி, தொரயக்கூடவா சொல்லுச்சு" என்றது துணிக்குள்ளிருந்து கேட்டது. அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் நடுத்தெருவில் நின்று அழுதேன். என்னை அப்படி நீ பார்த்ததே இல்லை.

காளப்பநாயக்கன்பட்டி வரை பஸ். அதற்கு மேல் நடை. என் முழங்காலுக்காக அவள் அடிக்கடி நின்றாள், தனக்குத்தான் மூச்சு வாங்குகிறது என்று பொய் சொன்னாள். போகிற வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தன்னை வளர்த்தவர்கள் எதையும் மறைக்கவில்லையாம். வளர்த்த தாய் உயிரோடு இருந்தவரை, நீ மே மாதம் வந்தால் முதல் இலை உனக்குத்தானாம். உன்னை எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்டேன். "மலைக்கு மேல அம்மாங்க. மலைக்குக் கீழ டீச்சரம்மா" என்றாள்.

மேலே வந்ததும் எனக்கு இன்னும் அதிர்ச்சி. எதிர்ப்பட்டவர்களெல்லாம், பவளாயியின் அம்மாவுக்குத் தெரிந்தவர்களா என்று சர்வசாதாரணமாக விசாரித்தார்கள். இந்த மலைக்கே தெரிந்திருக்கிறது. அடுத்த அறையில் இருந்த எனக்குத் தெரியவில்லை. செய்தியைச் சொன்னதும் சாமை வயலில் நின்ற பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து பவளாயியைக் கட்டிக்கொண்டார்கள். சேந்தமங்கலத்தில் சாத்திய கதவு எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது.

துரையைப் பார்த்தேன். நீ சொன்னதைவிட அழுக்கு.

சாப்பிடும்போது வகுப்பு விவரத்தையெல்லாம் சொன்னேன். உன் மருமகன் கேட்டார், நீ என்னிடம் எந்தப் பாஷையில் சொன்னாய் என்று. வெள்ளைக்காரர்கள் பாஷை, ஆனால் இவர்கள் வேறு வெள்ளைக்காரர்கள் என்று விளக்கினேன். அவருக்கு அது பிடிபடவில்லை. "தமிழ்ல சொல்ல என்னங்க கேடு?" என்றார். நானும் உன்னிடம் அதையேதான் கேட்கிறேன், கனகம். இங்கிலீஷிலாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இங்கிலீஷில் நாம் விரிவுரையாளர்கள், பிரெஞ்சில் நமக்கு ஆறு வயது. அதனாலா? அல்லது, தமிழில் கேட்டால் நான் என்ன முகம் காட்டுவேனோ என்று பயந்தாயா?

பவளாயி அடுப்பில் விறகைத் தள்ளியபடியே புருஷனுக்குப் பதில் சொன்னாள். "தமிழ்ல சொன்னா நெசமாயிருமில்ல."

பிறகு, அம்மா சொன்னதை அது சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். ழே ஊன் ஃபீய் என்று மகளில் தொடங்கி, மலை, பலாமரம், ஆடு என்று கடைசிவரை. மழை நாளையும் விடவில்லை. உன் பேத்திகள் சிரித்துப் புரண்டார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒரு சொல்லும் புரியாமல், ஒரு சொல்லையும் விடாமல் கேட்டாள். முடிந்ததும், நீங்கள் அம்மாவுக்கு மூப்பா இளசா என்று கேட்டாள். சில மாதம் மூப்பு என்றேன்.

"அப்போ பெரியம்மாங்க" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

அவளுடைய தகப்பன் யார் என்று நான் கேட்கவில்லை. நீ பிரெஞ்சிலும் அதைச் சொல்லவில்லை. இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதலாமா என்று மட்டும் கேட்டேன். மலைக்கே தெரிந்ததுதானே, எழுதுங்கள் என்றாள். ஒரு வகுப்பு முழுவதும் கேட்கத்தானே நீயும் சொன்னாய்?

ஒவ்வொரு மே மாதமும் நான் மலையேறுவேன், முழங்கால் விடும்வரை. ஜூனில் நாம் சேர்வதாக இருந்த மேல்வகுப்பில் தனியாகச் சேருவேன். ஆசிரியர் குடும்பத்தைப் பற்றிக் கேட்பார். அந்த நாயை விட்டுவிடுகிறேன். எழுந்து நின்று, எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், மலை மேல் இருக்கிறாள் என்பேன். நல்ல வாக்கியம் என்பார் அவர். உட்காராமல் நின்று, வாக்கியம் மட்டுமல்ல, உண்மை என்று அவருக்குச் சொல்வேன். அதைத் தமிழிலேயே சொல்வேன்.

இப்படிக்கு,
பவளாயியின் பெரியம்மா