மேரி போட்ட சுண்ணாம்புக் கோடு

என் அன்பு மேரிக்கு, என் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் காரணமான மேரிக்கு,

நீ போய் நாளையோடு ஒரு வருஷம். நாகலூர் மாதா கோயிலில் உனக்குப் பூசை வைத்திருக்கிறார்கள். பூசை முடிந்ததும் உன்னைப் பற்றி யாராவது நாலு வார்த்தை பேச வேண்டுமாம். உன் தம்பி சேவியர் எங்கள் கொட்டச்சேடு வரைக்கும் பஸ் ஏறி வந்து என்னைக் கேட்டான். "நீங்கதானுங்க அக்கா அவகூட நொம்ப நாள் வேலை செஞ்சீங்க" என்றான். கூட்டத்தில் நின்று பேச எனக்கு வராது, எழுதித் தருகிறேன், நீயே படித்துவிடு என்று சொல்லிவிட்டேன். அதனால் இது உனக்கு எழுதும் கடிதம், ஆனால் ஊரே கேட்கப் போகிறது. கேட்கட்டும்.

முதலில் சேதி சொல்கிறேன். ஏரிப் பக்கம் நாம் தளம் போட்ட விடுதிக்கு இன்னொரு மாடி எழுப்புகிறார்கள். திங்கட்கிழமை சேலத்திலிருந்து மறுபடியும் கான்கிரீட் பம்ப் வருகிறது. எங்க வீட்டுக்காரருக்குத் தோள் எலும்பு கூடிவிட்டது, ஆனால் கோணலாகத்தான் கூடியிருக்கிறது. பனி இறங்கினால் வலி எடுக்கிறது. நம் ஊரில் பனி இறங்காத நாள் எத்தனை, நீயே சொல்.

சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் விசிலும் இப்போது என் கையில். நீ இருந்த இடத்தில் நான் நிற்கிறேன். எப்படி வந்தேன் என்பதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

நீயும் நானும் காப்பிப் பழம் பறிப்பதை விட்டு ஒன்றாகத்தானே சித்தாள் வேலைக்கு வந்தோம். சும்மாடு கூட்டி, சட்டி சட்டியாகக் கான்கிரீட்டைத் தலையில் ஏற்றி மாடிப்படி ஏறினோம். நான் உனக்கு இரண்டு வயசு மூத்தவள், வேலையிலும் ஒரு சட்டி முந்தியவள். மேஸ்திரி எது கேட்டாலும் செல்லி என்றுதான் கூப்பிடுவார். பம்ப் மலை ஏறி வந்த அன்றைக்குத்தான் எனக்குச் சனி பிடித்தது.

பம்ப் வண்டியால் அந்தச் சரிவில் ஏற முடியவில்லை, கீழே ரோட்டிலேயே நிறுத்தினார்கள். அதில் கொட்டும் கான்கிரீட் இரும்புக் குழாய் வழியாக மேட்டில் ஏறி, மாடியில் ரப்பர் ஹோஸ் வழியாக வந்து விழும். ஹோஸைப் பிடிக்கும் வேலை எங்க வீட்டுக்காரருக்கு. மாடியில் நடப்பது கீழே நிற்கும் ஆபரேட்டருக்குத் தெரியாது. அதனால் நடுவிலிருக்கும் பாறை மேல் ஒரு ஆள் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக் கொடி காட்ட வேண்டும். பனி மூடிவிட்டால் விசில் ஊத வேண்டும்.

அந்த ஆளைப் பொறுக்க ஆபரேட்டர் வைத்த பரீட்சை நினைவிருக்கிறதா? நம் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஹோஸையே பாருங்கள், யார் கூப்பிட்டாலும் திரும்பாதீர்கள் என்றார். கொஞ்ச நேரம் கழித்து மேஸ்திரி பின்னாலிருந்து, டீ வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார். எல்லோரும் திரும்பினோம், நான் டீ வாங்கத் தூக்குப் போசியோடு திரும்பினேன். நீ ஒருத்தி மட்டும் அசையவில்லை. ஒரு டீயில் போனது, மேரி, என் பவிசு.

உனக்கு மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தார்கள். தலையில் சட்டி கிடையாது. அதுவரை உன் பேரே தெரியாத இன்ஜினியர் "ஏனுங்க மேரியம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். ஆபரேட்டர் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் நீ ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்தாய். குழாய் அடைத்துக்கொண்டால் பம்பைப் பின்னோக்கி ஓட்டி அழுத்தத்தை இறக்காமல் எவனும் குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்பைக் கழற்றக் கூடாது, கழற்றினால் ஜல்லி முகத்தில் பாயும் என்பாய். வேலை முடிந்து குழாயைக் கழுவப் பஞ்சுப் பந்து விடும்போது குழாய் வாய்க்கு நேரே நாய்கூட நிற்கக் கூடாது என்பாய். நீ சொன்னதெல்லாம் சரி. சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதில் பெரியது அந்தக் கோடு. அடைப்பு எடுத்துவிட்டு மறுபடி பம்பை ஓட்டும்போது குழாய்க்குள் காற்று சிக்கியிருக்கும், அது வெளியே வரும்போது ஹோஸ் துள்ளும், அடிபட்டால் எலும்பு தாங்காது என்று ஆபரேட்டர் சொன்னார். நீ போய் ஒரு சட்டி சுண்ணாம்புப் பொடி எடுத்து வந்து, தளத்துக்கு அடித்த பலகை மேல் ஹோஸைச் சுற்றி வளைத்து ஒரு கோடு போட்டாய். பம்ப் நின்று ஓடும்போதெல்லாம் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு எல்லோரும் கோட்டுக்கு வெளியே வர வேண்டும். கான்கிரீட் சீராக விழுந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். கோட்டைத் தாண்டுகிற ஆள் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று கான்ட்ராக்டரும் சொல்லிவிட்டார்.

அது நம் ஜனத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். நம் மலையில் பாரத்தோடு ஒருத்தர் தடுமாறினால் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டோம். ஓடிப் போய் ஒரு கை கொடுப்போம். கொடுக்காதவளை மனுஷியாகவே சேர்க்க மாட்டார்கள். நீ வந்து, கை கொடுக்காதே, தள்ளி நில் என்றாய். கிழவிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எனக்கு எரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சேவியர் கண்ணு, இந்த இடத்தில் நிறுத்தாமல் படி. எங்க வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொன்னதே கிடையாது, எங்கள் பக்கம் அது வழக்கமில்லை. மேரி, நீயோ பாறை மேல் நின்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை "குப்பண்ணா, குப்பண்ணா" என்று மலை அதிரக் கூப்பிடுவாய். அவரும் எந்நேரமும் உன் கொடியையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதுதான் அவர் வேலை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வீட்டுக்கு வந்தும், மேரி சொன்னால் சரியாக இருக்கும் என்பார். குழம்பில் உப்புக் குறைவு என்பதையும் அதே வாயால்தான் சொல்வார். நீ அவரை அண்ணன் என்றுதான் நினைத்தாய், அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. பொறாமைக்குச் சந்தேகம் வேண்டியதில்லை, மேரி. அது சும்மாவே எரியும்.

அன்றைக்கு மத்தியானம் ஜல்லி அடைத்துப் பம்ப் நின்றது. நீ சிவப்புக் காட்டினாய். கீழே ஆபரேட்டர் பின்னோக்கி ஓட்டி அழுத்தத்தை இறக்கினார். மேலே எங்க வீட்டுக்காரர் ஹோஸைப் பலகை மேல் கிடத்திவிட்டுக் கோட்டுக்கு வெளியே வந்தார். நாங்கள் எல்லோரும் வெளியேதான் நின்றோம். ஏரிப் பக்கமிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது, மற்றவர்கள் முக்காடு போட்டுக்கொண்டு ஹோஸுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். நான் ஹோஸை நிமிர்த்தி வைக்கட்டுமா என்று இவரிடம் கேட்டேன். "மேரி சொல்லாம ஒருத்தரும் அசையக் கூடாது. நீயும்தான்" என்றார்.

அந்த 'நீயும்தான்' என்னைக் கெடுத்தது. என் புருஷனுக்கு நான் ஒரு கை கொடுக்க உன்னிடம் உத்தரவு வாங்க வேண்டுமா என்று தோன்றியது. நீ எங்களை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாய். எல்லோரும் வெளியே நின்றதால் இரண்டு விசில் ஊதினாய். பம்ப் ஓடத் தொடங்கியது. விசில் ஓய்ந்த பிறகுதான் நான் கோட்டைத் தாண்டினேன். காப்பி மூட்டையைத் தூக்குகிற மாதிரி ஹோஸைத் தூக்கித் தோளில் போட்டேன். பம்பை நிறுத்தச் சொல்லும் உன் நீண்ட விசில் கேட்டது. இவர் ஓடி வந்து என்னைத் தள்ளினார். ஹோஸ் துள்ளியது. எனக்கு விழ வேண்டிய அடி அவர் தோளில் விழுந்தது.

கான்ட்ராக்டர் மேலே வந்து, யாருடைய தப்பு என்று கேட்டார். அதற்குள் பனி மூடி ஆள் முகமே தெரியவில்லை, நடந்ததை மற்றவர்கள் பார்க்கவும் இல்லை. நான் இவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். பாறையிலிருந்து ஓடி வந்த நீதான் திறந்தாய்.

"நான்தானுங்க. அண்ணன் வெளிய வந்துட்டாருன்னு நெனச்சு அவசரப்பட்டு ஊதிட்டேனுங்க" என்றாய்.

அந்த இடத்திலேயே உன் ஹெல்மெட்டைக் கழற்றி வாங்கினார்கள். அடுத்த வாரம் நீ மறுபடியும் எஸ்டேட்டில் பழக்கூடை கட்டிக்கொண்டு நின்றாய்.

சேலம் ஆஸ்பத்திரிக்கு ரொட்டியும் கமலாப்பழமும் வாங்கிக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தாயே, அன்றைக்கு நீ பேசியதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். நீ கட்டில் ஓரத்தில் நின்றபடியே சொன்னாய்.

"நீங்க கோட்டத் தாண்டுனது எனக்குத் தெரியுமுங்க அக்கா. ஏன் தாண்டுனீங்கன்னும் தெரியும்."

நான் கமலாப்பழத்தை உரிக்க ஆரம்பித்தேன்.

"அண்ணனும் படுத்துட்டாரு. உங்களையும் வேலைய விட்டு அனுப்பிட்டா ஊடு என்னத்துக்கு ஆவறது? நான் ஒண்டிக்கட்டைங்க, எப்படியும் பொழச்சுக்குவேன்" என்றாய். கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாய். "அவரு ஓடி வந்ததப் பாத்தேனுங்க. எனக்குன்னு அப்படி ஒருத்தரு ஓடி வர மாட்டாங்க. உங்க மேல எனக்குந்தான் பொறாமைங்க அக்கா. ஆனா நான் கோட்டத் தாண்டல."

அதற்கு மேல் என்ன இருக்கிறது சொல்ல?

இவருக்கு நினைவு தெளிந்ததும், கான்ட்ராக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார். ஆனது ஆகிவிட்டது, இனிமேல் எதற்கு என்று நான் தடுத்தேன். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. மீதிப் பாதியைத்தான் இன்றைக்கு ஊர் அறியச் சொல்ல வேண்டும். உண்மை வெளியே வந்தால் எல்லோரும் உன்னை இன்னும் உயரத்தில் தூக்கி வைப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது. மேரி அவசரப்பட்டுவிட்டாள் என்று நாலு பேர் சொன்னபோது, அடி நாக்கில் எனக்கு இனித்தது. நான் அப்படிப்பட்டவள்தான்.

ஆபரேட்டர் சேலத்திலிருந்து இங்கே எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு, மேஸ்திரியிடம், அந்த இடத்துக்குச் செல்லியை வைத்துக்கொள்ளுங்கள், அடிபட்டவர் பெண்சாதி, ஜாக்கிரதையாக இருப்பாள் என்றாராம். கொடி என் கைக்கு வந்தது. டீக்கு நான் இப்போது திரும்புவதில்லை. நீ செய்தபடியே எல்லாம் செய்கிறேன், கோடும் போடுகிறேன். ஆனால் ஜனங்கள் அதை மேரி கோடு என்றே சொன்னார்கள். இது என் கோடு என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சுண்ணாம்பை விட்டுவிட்டுச் செங்கல் பொடியில் போட்டேன். மேரி கோடு இன்றைக்குச் சிவப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பார்க்க வர வேண்டும் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நாகலூருக்கு நாளுக்கு எத்தனை பஸ்? நான் வரவில்லை. உன் சாவுக்குத்தான் வந்தேன். மஞ்சக்குட்டையிலிருந்தெல்லாம் ஜீப்பில் ஆட்கள் வந்திருந்தார்கள். இன்ஜினியர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். என் சாவுக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அங்கேயும் எண்ணிப் பார்த்தேன். எண்ணிவிட்டு என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

இதையெல்லாம் இன்றைக்கு ஏன் சொல்கிறேன் தெரியுமா? போன மாதம் வெளியூர்ப் பெண் ஒருத்தி புதிதாக வேலைக்கு வந்தாள். கோடு எதற்கு என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்றவள், முன்னாடி மேரின்னு ஒருத்தி தப்பா விசில் ஊதி ஒரு ஆளுக்கு அடிபட்டுவிட்டது, அதிலிருந்துதான் இந்தக் கோடு என்றாள். கொடி என் கையில் கனத்துப் போயிற்று. கோட்டைப் போட்டவளே நீ. உன் தப்பால் வந்த கோடு என்று இனி வருகிறவர்கள் நம்பப் போகிறார்கள். விசில் ஊதுகிற பெண்ணைத்தான் நம்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, கோட்டைச் சுலபமாகத் தாண்டுவார்கள். நான் தாண்டின மாதிரியே, ஒரு கை கொடுக்கலாம் என்று.

ஆகவே கோயிலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். மேரி சரியாகத்தான் ஊதினாள். தாண்டினவள் நான்.

மேஸ்திரியும் அங்கே இருப்பார். கேட்டுவிட்டு, கொடியைக் கொடு என்று சொன்னால் கொடுத்துவிடுவேன். இவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். இதுவரை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கோணல் தோளைத் தடவிக்கொண்டே கடைசி வரை கேட்டார். இந்தக் கடிதம் முடிந்ததும் ஜனங்கள் உனக்காகக் கண்ணைத் துடைப்பார்கள், என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கடைசியில் இதிலும் பேர் உனக்குத்தான். வயிறு எரியத்தான் எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை என் கையில் கொடி இருந்தாலும் சரி, தலையில் சட்டி இருந்தாலும் சரி, பம்ப் ஓடுவதற்கு முன்னால் சுண்ணாம்பை நான்தான் எடுப்பேன். புதுப் பெண்களை நிறுத்தி வைத்து, இது மேரி கோடு, இதைத் தாண்டினவள் இதோ நிற்கிறேன் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போடுவேன். எனக்கு மூச்சிருக்கும் வரை ஒருத்தியையும் தாண்ட விட மாட்டேன். முதல் தடவையாக, உன் பேரை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லியிருப்பேன்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும்
உன் அக்கா,
செல்லி