ரோமர் குளமும் வீட்டு ரெலிபோனும்

பார்க்டேல், ரொறன்ரோ
12.07.2009

அன்பு மகள் நிலக்சிக்கு,

அம்மா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரியில் மற்றவர்களின் முறையையும் உன் தலையில் போட்டுக்கொள்ளாமல் சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். நாங்களும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், அப்பாவின் முழங்காலும் என் பிரஷரும் போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, அதையே சுகம் என்று வைத்துக்கொள். ரெலிபோன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ எடுக்கிறபோதெல்லாம் இரண்டு நிமிஷத்தில் அப்பா தொண்டையைச் செருமத் தொடங்கிவிடுகிறார், லைனை விடு என்று அர்த்தம். நாங்கள் கதைக்கும்போது வேறு கோல் வந்தாலும் தெரியும் என்று தம்பி திலக்சன் நூறு தரம் சொல்லிவிட்டான், அவர் நம்பினால்தானே. அதோடு இதில் எழுதப்போகிறவற்றில் பாதி அவர் காதில் விழக்கூடாதவை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் கண்ணயர்ந்திருக்கிறார், நான் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வருகிறோம். ஓகஸ்ட் 21 வெள்ளிக்கிழமை ஏறி, 22ஆம் திகதி காலை ஹீத்ரோவில் இறங்குகிறோம், ரிக்கெற் எடுத்தாயிற்று. நீ அனுப்பிய படப்புத்தகத்தில் இருக்கிற அந்த ரோமர் குளத்தை, உன் வீட்டில் இருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலம் என்று சொன்னாயே, அதைப் பார்க்க வருகிறோம். அப்பாவின் முழங்கால், உன் லீவு, உன் சின்ன அறை, இங்கிலாந்து மழை என்று நீ என்னென்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன், ஆகவே சொல்லி மினைக்கெடாதே.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டால், உனக்குத் தெரிந்ததில் இருந்தே தொடங்க வேண்டும். தவராசா சித்தப்பா வன்னியில் இருந்து கடைசியாக எடுத்தது ஏப்ரல் பத்தாம் திகதி. யாரோ ஒருவரின் சற்றலைற் போன், பின்னால் சனம் வரிசையில் நிற்கிற சத்தம், எல்லாமாக ஒரு நிமிஷம்கூட இல்லை. "அண்ணை, சனம் நிக்குது, நாளைக்கு எடுக்கிறன்" என்று சொல்லி வைத்தார். அந்த நாளைக்காகத்தான் அப்பா இன்றைக்கும் காத்திருக்கிறார். அதுவரைக்கும் யூனிவர்சிற்றி அவெனியூவில் சண்டையை நிறுத்தச் சொல்லி அந்த நோகிற காலோடு கொடி பிடித்து நின்ற மனுஷன், வைகாசியில் சண்டை முடிந்தது என்று ரீவியில் சொன்ன அன்றைக்குக் கதிரையை ரெலிபோனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்தார், அவ்வளவுதான். சவரம் இல்லை, கதை இல்லை, நான் கடைக்குக் கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். முடிந்த விதத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை மகள். தம்பி முகாம்களின் பட்டியல் ஒவ்வொன்றாக இன்ரநெற்றில் பார்த்துவிட்டான், சித்தப்பாவின் பெயர் அதிலும் இல்லை, செத்தவர்களின் பட்டியலிலும் இல்லை. எங்களுக்குச் சாவுத் துடக்கா இல்லையா என்றே தெரியாமல் நான் வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறேன். அவர் செத்துப் போயிருந்தால் உள்ளே போவது பிழை, போகாவிட்டால் அவரைச் சாகக்கொடுத்த மாதிரி.

உனக்கும் தம்பிக்கும் நாங்கள் ஏன் இந்தப் பார்க்டேல் அப்பார்ட்மென்றை விட்டு அசையவில்லை என்று எப்போதும் கோபம். எங்களோடு வந்த சனம் எல்லாம் ஸ்காபரோ, மார்க்கம் என்று வீடு வாங்கிப் போய்விட்டது, தம்பியே விட்பியில் வீடு வாங்கி எங்களுக்கென்று கீழ்மாடியில் அறை ஒதுக்கி வைத்திருக்கிறான். கரப்பான்பூச்சியிலும் பழுதான லிப்ற்றிலும் எங்களுக்கு ஆசை இல்லை. இந்த நம்பர் விட்பிக்கு வராதாம், அங்கே வேறு ஏரியா கோட். எண்பத்தெட்டில் வந்து முதல் ரெலிபோன் பூட்டிய அன்றைக்குக் கடிதம் எழுதிச் சித்தப்பாவைப் பாடமாக்கச் சொன்ன நம்பர் இது. உன்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருஷம் ஒருக்கால் ஊருக்குப் போகலாம், வீடு மாறலாம், புதுச் சோபா வாங்கலாம் என்று நான் எதைத் தொடங்கினாலும் அப்பா சொல்வது ஒன்றே ஒன்றுதான், சண்டை முடியட்டும். பாஸ்போட்டை ஐந்து வருஷத்துக்கு ஒருக்கால் புதுப்பித்து வைத்திருக்கிறோம், ஒன்றிலும் ஒரு முத்திரை இல்லை. இப்போது முடிந்துவிட்டது. இனி எதைச் சொல்லி இருப்பது, நீயே சொல்.

இப்படி இருக்கும்போதுதான் ஜூன் நடுவில் உன் புத்தகம் தபாலில் வந்தது. பிறந்தநாளுக்கென்று நீ அனுப்பியது, பிறந்தநாளை நாங்கள் எல்லோருமே மறந்துவிட்டோம். நான் பிரித்து அவர் மடியில் வைத்துவிட்டுக் கறிக்கு வெங்காயம் வெட்டப் போனேன். பச்சைத் தண்ணீரும் சுற்றிவரத் தூண்களும் இருக்கிற படங்களை அவர் சும்மா தட்டிக்கொண்டு போனது காதில் கேட்டது, பிறகு சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் ஒரு பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். செங்காவி படிந்த ஒரு கல் வாய்க்கால், அதற்குள்ளால் ஆவி பறக்கத் தண்ணீர் ஓடுகிறது. "உந்தத் தண்ணி எங்கை போகுது?" என்று கேட்டார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் தானாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு என்ன தெரியும், தம்பிக்கு எடுத்தால் (இரண்டு நிமிஷத்துக்குள்தான்) அவன் தேடிப் பார்த்து, ஊருக்குக் கீழால் போய் ஆற்றில் விழுகிறது, ரோமர் வெட்டிய அதே வாய்க்கால்தான் என்று சொன்னான். அப்பா கந்தளாய்க் குளத்தில் துருசுக் கதவுகளைப் பார்த்துக்கொண்டு, எந்தக் கதவை எவ்வளவு திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் போகும் என்று கணக்குச் சொன்ன ரீ.ஏ., நீர்ப்பாசனத் தொழில்நுட்ப உதவியாளர் என்பது இந்த நாட்டில் யாருக்குத் தெரியும், பத்தொன்பது வருஷம் லோன்றியில் மற்றவர்களின் படுக்கை விரிப்பைத் தோய்த்த ஆள் என்றுதான் தெரியும். பென்சில் கேட்டு வாங்கிக் காஸ் பில்லின் பின்பக்கத்தில் அந்த வாய்க்காலைக் கீறினார். "கட்டினவன் ஆரெண்டு தெரியாது, வாய்க்கால் இன்னும் வேலை செய்யுது" என்றார். அன்றைக்கு ஏழு இடியப்பம் சாப்பிட்டார், நான் எண்ணினேன். கோப்பை கழுவும்போதே முடிவெடுத்துவிட்டேன், இந்த ஆளை அந்த வாய்க்காலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது என்று.

ஆனால் நானும் ஒரு பிழை விட்டேன், அதை உனக்கு மறைக்கவில்லை. கோயிலில் இராஜேஸ்வரி அன்ரிக்குப் பயணத்தைச் சொன்னேன், அவவும் திருகோணமலைதானே. நிலத்துக்குள் இருந்து சுடுதண்ணீர் வருகிற இடமோ என்று கேட்டுவிட்டு, அப்படியென்றால் எங்கள் கன்னியா மாதிரித்தான், எங்கள் ஊர்ச் சனம் செத்தவர்களுக்கு முப்பத்தொன்றாம் நாள் கிரியையைக் கன்னியாச் சுடுகிணற்றில்தானே செய்கிறது, சித்தப்பாவுக்கு அங்கேயே செய்து முடித்துவிடுங்கோ, அண்ணைக்கு மனம் ஆறும் என்றா. எனக்கு அது சரிபோலப் பட்டது மகள். சில நாள் அவர் இல்லை என்றே என் மனம் சொல்கிறது, சில நாள் கதவு தட்டினால் அவராக இருக்குமோ என்று ஓடுகிறேன், இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று களைத்துவிட்டேன். அப்பாவுக்குத் தெரியாமல் பெட்டியின் அடியில் ஒரு செம்பும் எள்ளும் புது வேட்டியும் வைத்தேன். ரோமர் குளம் என்றால் இறங்கிக் குளிக்கலாம் என்றல்லவா நினைத்தேன், நீ போனில் அங்கே விரலைக்கூட நனைக்க விடமாட்டார்கள் என்று சிரித்த பிறகுதான் தெரிந்தது. நான் செம்பை வெளியே எடுக்க முதல் அவர் பெட்டியில் தன் தொப்பியைத் தேடிச் செம்பைக் கண்டுவிட்டார். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கை இறங்கிக் குளிக்கலாமோ?" என்று மட்டும் கேட்டார். இல்லை, தொடவே விடமாட்டார்களாம் என்றேன். "அப்ப நல்லது. பாக்கத்தானே போறம்" என்று சொல்லிச் செம்பை என்னிடம் தந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. செம்பைத் திரும்பக் குசினியில் வைத்துவிட்டேன், எள்ளை உருண்டை பிடித்துத் தம்பிக்குக் கொடுத்தேன். ஒருவரும் செத்துப்போய்விட்டார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லும்வரை செய்யமாட்டோம்.

ஆகவே நீ செய்ய வேண்டியவற்றைக் கேள். படிகள் எத்தனை, பிடிக்கக் கம்பி இருக்கிறதா என்று நேரே போய்ப் பார்த்துவிட்டு எழுது, எல்லாம் வசதி என்று பொதுவாகச் சொல்லாதே. அந்தக் கல் நிலம் வழுக்குமாம், வயதுபோனவர் ஒருவர் வாய்க்காலுக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருக்க மடக்குக் கதிரை கொண்டுவரலாமா என்று அலுவலகத்தில் கேள், மாட்டோம் என்றால் மேலே இருப்பவரைக் கேள். சனம் குறைந்த நாளின் காலையிலேயே போவோம். ஆற்றில் விழுகிற இடத்தையும் அவர் பார்ப்பார், அது எங்கே என்று இப்போதே கண்டுபிடித்து வை. லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவருக்கும் மூச்சு விடாதே, வந்தால் தவராசா விஷயம் என்ன மாதிரி என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள்.

மிச்சம் இருந்தது ரெலிபோன். ரிக்கெற் எடுக்கப்போகிறோம் என்றதும் அவர் கேட்டது, "அப்ப போன்?" என்றுதான். இந்த நம்பருக்கு வருகிற கோல் எல்லாவற்றையும் உன் போனுக்குத் திருப்பிவிடலாம் என்று தம்பி சொன்னான். அவர் அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நின்றார். தம்பி கோலைத் தன் போனுக்குத் திருப்பி, அந்தப் போனை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, வேலையிடத்தில் இருந்து எடுத்தான், விட்பியில் இருந்து எடுத்தான், குவீன் ஸ்ரீற்றில் பொதுப் போனில் காசு போட்டு எடுத்தான், எல்லாம் வந்தது. உள்ளூர்க் கோல் வரும், அங்கே இருந்து வருமோ என்றார் அப்பா. பிறகு திருகோணமலையில் இருக்கிற அன்ரனெற் ரீச்சரைக் கெஞ்சி எடுக்கச் சொன்னோம். தம்பியின் போன் அடித்தது, ரீச்சரின் குரலை அப்பா தன் காதில் வைத்துக் கேட்டார். அடுத்த நாள் காலை சவரம் எடுத்தார்.

கடவுள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் கையால் மருந்து வாங்குகிற சனத்தின் நல்ல மனமும் உன்னைக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஓகஸ்ட் 21ஆம் திகதியில் இருந்து இந்த வீட்டு நம்பர் உன் கையில். எங்கள் குரல் அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும், சத்தம் இல்லை என்று வைத்துவிடாதே. வழக்கம்போல இங்கிலீசில் தொடங்காதே, பிழையான நம்பர் என்று சித்தப்பா வைத்துவிடுவார், இன்னொரு முறை வரிசையில் நிற்க அவருக்கு முடியுமோ தெரியாது. யார் எடுத்தாலும், வங்கிக்காரன் எடுத்தாலும் பரவாயில்லை, முதல் வசனம் இதுவாக இருக்கட்டும்: "சித்தப்பா, நான் நிலா. அப்பா பக்கத்திலைதான் நிக்கிறார், போனை வைச்சிடாதேங்கோ." இன்றைக்கே இரண்டு மூன்று தரம் சொல்லிப் பழகு.

என்றும் அன்புள்ள அம்மா,
பாலேஸ்வரி இரத்தினவேல்