ரசீதுப் பெயர்

3 பிப்ரவரி 2025, திங்கள்

காலை 10.40க்கு அமல்ராஜ் வந்தான். 11.05 வரை எங்கள் படிக்கட்டருகே நின்றான். கூட ஒரு புது ஆள், கையில் அளவு டேப். அந்த ஆள் சுவரை அளந்தான், படிக்கட்டை அளந்தான், மூடிப்போன கிணற்றை அளந்தான். அமல்ராஜ் நோட்டில் எழுதிக்கொண்டான். நான் ஜன்னல் திரையை ஒரு விரல் அகலம் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு இப்படி ஒளிஞ்சு பாக்குறீங்க? கதவத் திறந்து கேட்டா சொல்லிட்டுப் போறான்" என்றாள் பார்வதம்.

கேட்டால் சொல்வான். கேட்காதபோது என்ன செய்கிறான் என்பதில்தான் ஆளின் யோக்கியதை இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் ஃபாக்டரி கேட்டில் டைம் கீப்பராக உட்கார்ந்தவன் நான். எட்டு மணி ஷிப்டுக்கு எட்டு மூன்றுக்கு வருகிறவன் சைக்கிளை எப்படித் தள்ளிக்கொண்டு வருவான் என்று தூரத்திலேயே சொல்லிவிடுவேன்.

இவன் ஆட்டோ ஓட்டுகிறான். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு இவன்தான் செயலாளர். மேனாம்பேட்டில் வீட்டுவசதி வாரியத்தின் இந்த வாடகை வீடுகளில் நாற்பத்தெட்டு குடும்பம் இருக்கிறோம். இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததிலிருந்து, வீடுகளை எங்களுக்கே விலைக்குக் கொடுங்கள் என்று சங்கம் மனு மேல் மனு போடுகிறது. சரி, கேட்கட்டும். அப்படிக் கேட்கிறவன் எதற்கு அடுத்தவன் படிக்கட்டை அளக்கிறான்? பின்னால் பில்டர் எவனாவது இருக்கிறானா?

7 பிப்ரவரி

மாலை 4.15. மறுபடி டேப். இந்த முறை மோட்டார் ரூம்.

கீழ்வீட்டுத் தங்கவேல் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனும் எங்கள் ஃபாக்டரிக்காரன்தான், ரிடையர் ஆகும்வரை என் கேட்டில் சிரிக்காமல் நுழைந்தவன். இப்போது ஏன் சிரிக்கிறான்?

12 பிப்ரவரி, புதன்

வீட்டுக்கு வீடு சங்கத்தின் நோட்டீஸ். ஒதுக்கீட்டு ஆணை ஜெராக்ஸ் ஒன்று, கடைசி வாடகை ரசீது ஒன்று, செயலாளரிடம் கொடுக்க வேண்டுமாம்.

கொடுக்க மாட்டேன். ஏன் என்பதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. இந்த நோட்டைப் பார்வதம் தொடமாட்டாள், எழுதிவிடுகிறேன்.

இந்த வீடு என் பெயரில் இல்லை. 1993ல் என்னோடு வேலை பார்த்த கார்த்திகேசனுக்கு ஒதுக்கிய வீடு. மாமனார் பூந்தமல்லியில் வீடு கொடுத்ததும் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனான். "வாடகைய என் பேர்லயே கட்டிக்கோ. பேர் மாத்தப் போனா ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்றான். கட்டினேன். முதல் வருடம் வாரியத்திலிருந்து யாரோ பார்வையிட வந்தபோது, கீழே நின்ற தங்கவேல் "கார்த்திகேசன் சார், ஆபீஸர் வந்திருக்காரு" என்று சமயோசிதமாகக் கத்தினான். அன்றிலிருந்து நான் கார்த்திகேசன். பால்காரருக்கு, பூக்காரிக்கு, விநாயகர் சதுர்த்தி நன்கொடை நோட்டுக்கு எல்லாம் கார்த்திகேசன். மகள் ஸ்வாதி கல்யாணப் பத்திரிகையில் சிவராமன் என்று அச்சடித்தபோது மூன்று பேர் வீடு தேடி வந்து "அப்பா பேரு தப்பா விழுந்திருக்கு சார்" என்றார்கள்.

அப்போது சிரித்தோம். இப்போது ரசீதில் பெயர் இருக்கிறவனுக்குத்தான் வீடு என்று சொல்லிவிட்டால்? முப்பத்திரண்டு வருடம் நான் வெள்ளையடித்த சுவர் கார்த்திகேசனுக்குப் போகும். அறுபத்தேழு வயதில் பார்வதத்தைக் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவேன்?

20 பிப்ரவரி, வியாழன்

மாலை 6.30. அமல்ராஜ் கதவைத் தட்டினான். "கார்த்தி அண்ணாத்தே, ஒரு விசயம் கீது. தனியா பேசணும்." குளிக்கிறேன் என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன். "செரி, நாளிக்கு வர்றேன்" என்று போனான்.

தனியாக என்ன பேச்சு? சங்கத்து விஷயம் என்றால் எல்லோர் முன்னாலும் பேசலாமே.

21 பிப்ரவரி

6.35. வந்தான். விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். பார்வதம் இருட்டில் கீரை ஆய்ந்தாள்.

24 பிப்ரவரி

6.20. பார்வதம் வேண்டுமென்றே கதவைத் திறந்துவிட்டாள். நான் போர்வைக்குள் போய்விட்டேன். ஜுரம் என்று சொல்லி அனுப்பினாள். அவன் போனதும் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து "ஜுரம்னா போட்டுக்கணும்" என்று பக்கத்திலேயே நின்றாள். போட்டுக்கொண்டேன்.

11 மார்ச், செவ்வாய்

இன்று பூந்தமல்லி போனேன். அமல்ராஜுக்கு முன்னால் நான் கார்த்திகேசனைப் பிடித்துவிட வேண்டும் என்ற யோசனை. பேசிப் பத்து வருடமாகிறது, பழைய நம்பரும் போய்விட்டது. ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். மெட்ரோ வேலையில் ஊரே அடையாளம் மாறியிருந்தது. தெருவைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மருமகள் இருந்தாள், ரேஷ்மா என்று பெயர். "மாமா கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு, அஞ்சு மணிக்கு வந்துடுவாரு. உக்காருங்க, காபி போடறேன்" என்றாள். நல்ல பெண். பழைய வாரிய வீட்டு விஷயம் என்றதும், "அதுக்குத்தான் சனிக்கிழமை ஒரு ஆட்டோக்காரரு வந்தாரே. அமல்ராஜ்னு. மாமா பேப்பர்ல கையெழுத்துகூட போட்டுக் குடுத்தாரே" என்றாள்.

காபி வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். அப்போது 3.50.

கையெழுத்து வாங்கிட்டான். வாங்கிட்டான்! நான் இங்க போர்வைய போத்திக்கிட்டு படுத்திருக்க, அவன் பூந்தமல்லி வரைக்கும் போயி கார்த்திகேசன் கையால எழுதி வாங்கிட்டான். வீட்ட அவன் பேருக்கு மாத்தப் போறான். இல்லன்னா எதுக்குப் போகணும்? அவனுக்கும் கார்த்திகேசனுக்கும் என்ன சம்பந்தம்? டேப் எடுத்துக்கிட்டு வந்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேனே, நான் ஒரு மடையன்.

12 மார்ச், புதன்

எழுதிவிட்டேன். வாரிய அலுவலகத்துக்கு, ஒரு முழுப் பக்கம், பெயர் போடாமல். எழுத்து அடையாளம் தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதினேன், இரண்டு மணி நேரம் பிடித்தது.

ஒரு பொய்கூட எழுதவில்லை. சி-11ல் குடியிருக்கும் அமல்ராஜ், நான்கு வருடம் முன் இறந்துபோன தன் தாயார் ஞானம்மாள் பெயரிலேயே இன்னும் வாடகை கட்டுகிறார். இது உண்மை. கவுண்டர் வரிசையில் அவன் எனக்கு முன்னால் நின்றபோது ரசீதைப் பார்த்தேன். பிப்ரவரி 3 அன்று வெளியாளை வைத்துக் குடியிருப்பை அளந்தார், மற்ற வீடுகளைக் கைப்பற்ற முயல்கிறார் என்று சந்தேகம். சந்தேகம் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

மேனாம்பேட்டில் போடாமல் ஓ.டி. வரை போய்த் தபால் பெட்டியில் போட்டேன். மாலை 4.20.

14 ஏப்ரல், சித்திரை முதல் நாள்

மாங்காய்ப் பச்சடி. என்னிடம் சொல்லாமல் ஒரு கிண்ணம் அமல்ராஜ் வீட்டுக்குப் போயிருக்கிறது. கிண்ணம் திரும்பி வந்தபோது அதில் பலாச்சுளை. நான் தொடவில்லை. பார்வதம் எல்லாவற்றையும் தின்றாள்.

27 ஏப்ரல், ஞாயிறு

தண்ணீர்த் தொட்டியருகே சங்கக் கூட்டம். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன்.

வாரியம் விற்க ஒப்புக்கொண்டுவிட்டது என்றான் அமல்ராஜ். கைதட்டல். "ஆனா ஒரு மேட்டர் கீது" என்றான். "நாப்பத்தெட்டு ஊட்டுல இருபத்தொம்போது ஊடு வேற ஆளு பேர்ல கீது. நம்மள்ல பாதிப் பேரு ரசீதுல ஒருத்தன், ரேசன் கார்டுல ஒருத்தன். பழைய ஆளுங்க தடையில்லன்னு எழுதிக் குடுத்தா குடியிருக்கறவன் பேருக்கு மாத்தித் தர்றோம்னு சொல்லிக்கீறாங்க. அதான் ரெண்டு மாசமா வண்டியப் போட்டுகினு ஒவ்வொருத்தரையா தேடிப் போயி வாங்கியாந்தேன்."

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கொடுத்தான். ஆட்கள் வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து போனார்கள்.

"பி-6. சிவராமன் அண்ணாத்தே."

யாரும் எழவில்லை. நானும் எழவில்லை. அது என் பெயர் என்று எனக்கே உறைக்க ஒரு நிமிடம் ஆயிற்று. பார்வதம் முதுகில் ஒரு இடி இடித்தாள்.

கார்த்திகேசனின் கையெழுத்து. வளையல் மாதிரி அதே பழைய உருண்டை எழுத்து, மாறவே இல்லை. இந்த வீட்டை என் நண்பன் சிவராமனுக்குக் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தான்.

"இத்த பத்திப் பேசத்தான் உங்க ஊட்டாண்ட மூணு தபா வந்தேன்" என்றான் அமல்ராஜ். "ஜுரம்னாங்க."

டேப் ஆள் அவன் மச்சினனாம், சிவில் படித்தவனாம். மனுவோடு வைக்கிற வரைபடத்துக்குச் சும்மா அளந்து கொடுத்திருக்கிறான்.

எல்லாம் முடிந்ததும் தங்கவேல் கேட்டான்: "உன் வீடு என்னாச்சுப்பா?"

"என்னுத நிறுத்தி வெச்சிகீறாங்க. எவனோ மொட்டை மனு போட்டுக்கீறான். அம்மா பேர்ல இருந்தத மாத்தாம வுட்டது என் தப்புதான்." போனை எடுத்து, அலுவலகத்தில் பிடித்து வந்த படத்தைப் பெரிதாக்கிப் படித்தான். "பிப்ரவரி மூன்றாம் தேதி காலை 10.40 முதல் 11.05 வரை..."

படித்துக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். தங்கவேல் தன் செருப்பைப் பார்த்தான். பார்வதம் என்னைப் பார்த்தாள். இந்தக் குடியிருப்பில் நேரம் குறித்துப் பேசுகிறவன் யார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அமல்ராஜ் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "செரி, டீ சாப்டுங்க எல்லாரும்" என்றான்.

28 ஏப்ரல்

பார்வதம் பேசவில்லை. காபி மட்டும் வந்தது.

3 மே

தெரிந்துவிட்டது அவனுக்கு. தெரிந்தும் ஏன் ஒன்றும் கேட்கவில்லை? இன்று காலை படியில் எதிரே வந்தவன் வழிவிட்டு ஒதுங்கி நின்றான். எதற்கு ஒதுங்க வேண்டும்? என்னவோ மனதில் வைத்திருக்கிறான். சங்கத்தில் வைத்து என் மானத்தை வாங்க நேரம் பார்க்கிறானோ.

17 மே

இரண்டு வாரமாகப் பார்க்கிறேன். ஒன்றும் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

9 ஜூன், திங்கள்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். பி-6, எஸ். சிவராமன். பெயருக்குக் கீழே விரலை வைத்து மூன்று முறை படித்தேன். வீடு எனக்கு.

சி-11, விசாரணையில். ஜூன் 30க்குள் முடியாவிட்டால் விற்பனையில் சேராது. பெயர் இல்லாத மனுவை எழுதினவரே நேரில் வந்து திரும்பப் பெற்றால்தான் ஃபைலை மூட முடியும் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். தங்கவேலிடம் அமல்ராஜ் இதைச் சொல்லிக்கொண்டிருந்தான், நான் மூன்றடி தள்ளி நிற்கும்போது. என் பக்கம் திரும்பவே இல்லை.

போனால் என்ன ஆகும்? யார் நீ என்பார்கள். முப்பத்திரண்டு வருடம் இன்னொருவன் பெயரில் கையெழுத்துப் போட்டவனா புகார் கொடுத்தவன் என்பார்கள். என் ஃபைலையும் தோண்டுவார்கள். எனக்கு பயமாக இருக்கிறது.

பார்வதத்திடம் இதைச் சொன்னேன். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முழுசாகப் பேசினாள். "வீடு போயிருமோன்னுதான எழுதுனீங்க? இப்ப வந்துருச்சுல்ல. போயி நடு ஹால்ல உக்காருங்க."

18 ஜூன், புதன்

10.15க்கு வாரிய அலுவலகம். ஹேமாவதி என்கிற கிளார்க். அமல்ராஜ் மேல் வந்த மனுவை எழுதியது நான்தான், திரும்பப் பெறுகிறேன் என்றேன்.

"பேரு?"

"கார்த்திகேசன்" என்றேன். வாய்ப் பழக்கம். அந்தம்மா பட்டியலை மேலும் கீழும் தேடினாள். "அப்படி யாருமே இல்லையே சார்."

"சிவராமன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்க நாலு வரி எழுதச் சொன்னாள். பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். அடுத்த மேஜைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"அவர் ஃபைல் மூடிடலாம் சார்" என்றாள். "ஆனா உங்களுத ஆபீஸர் ஒரு தடவ கூப்பிட்டு விசாரிப்பாரு. அதுவரைக்கும் நிறுத்தி வைக்கணும்."

சரி என்றேன்.

27 ஜூன், வெள்ளி

நேற்று திருத்திய பட்டியல் வந்தது. சி-11, அமல்ராஜ். பி-6, விசாரணையில்.

இன்று ஆபீஸர் கூப்பிட்டிருந்த நாள். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கதவைத் தட்டும் சத்தம். பார்வதம் திறந்தாள்.

"சிவராமன் அண்ணாத்தே கீறாரா? வண்டி கீழ நிக்குது. சங்கத்துலருந்து ஒரு ஆளு வந்து சாட்சி சொல்லணும்னாங்க, முப்பது வருசமா அங்கதான் கீறார்னு. வாங்க, பூட்லாம்."

ஏறி உட்கார்ந்தேன். எஸ்டேட் சிக்னல் வரை வந்தோம். சிவப்பு விழுந்ததும் திரும்பாமலே சொன்னான்.

"மனுவுல டைமெல்லாம் கரீட்டா போட்டுக்கீறீங்க. ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. அன்னிக்கு நான் பத்தேகாலுக்கே வந்துட்டேன். கீழ தங்கவேல் அண்ணாத்தேகிட்ட உங்க நெசப் பேரு இன்னான்னு கேட்டுகினு நின்னேன்."

இரண்டு வாரம் கழித்துச் சொல்கிறோம் என்றார் ஆபீஸர்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். பிப்ரவரி 3. 10.40 என்பதை அடித்துவிட்டு 10.15 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். ஃபாக்டரி கேட்டில் நேரத்தைத் தவறாகக் குறித்துவிட்டால் அப்படித்தான் செய்வோம்.